கூழைக்கடாவும் ஆயக்கட்டும்: ஏரிப் பறவைகள், ஊர் மக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேடந்தாங்கலுக்கோ கூந்தங்குளத்துக்கோ ஒருமுறை போய்வந்தவர்கள் பறவைகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் கேட்பது வேறு: தண்ணீர், மீன் குத்தகை, பட்டா நிலம், வேலை. இரண்டு தரப்புக் கேள்விகளையும் சேர்த்து வைத்தால்தான் விஷயம் விளங்கும் என்பதால் இந்தப் பக்கம். பெரும்பாலும் தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றியது. தேவைப்படும் இடத்தில் ஒடிசாவுக்கும் ராஜஸ்தானுக்கும் போய்வரும்.

சரணாலயம் என்றால் காடுதானே? இங்கே ஏன் எல்லாம் ஏரியாக இருக்கிறது?

தமிழ்நாட்டில் பறவைகள் சரணாலயம் என்று பலகை மாட்டிய இடங்களில் பெரும்பாலானவை பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகள். செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்பார்கள், சிவகங்கையில் கண்மாய், திருநெல்வேலியில் குளம். கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், வரத்துக் கால்வாய், கீழே அந்தத் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு என்று அமைப்பு எங்கும் ஒன்றுதான். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயம், கண்மாய்கள் சேர்ந்து 38 ஹெக்டேர் சொச்சம். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தங்குளம், பக்கத்துக் காடன்குளத்தையும் சேர்த்துச் சுமார் 129 ஹெக்டேர்.

அதனால் புலிக்காட்டுக்குப் பொருந்தும் யோசனை இங்கே பொருந்தாது. ஆளை வெளியே அனுப்பி வேலி போட்டால் காடு தானாக வளரலாம், ஏரி வளராது. உடைப்பை அடைக்க, வரத்துக் கால்வாயில் மண் அள்ள, மதகைத் திறந்து மூட ஆள் வேண்டும். விவசாயம் நின்றுபோன ஊரில் ஏரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்ச காலத்தில் அது மேடாகி, அதன்மேல் பேருந்து நிலையம் வந்துவிடும்.

இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றத் தொடங்கியது யார்? வனத்துறையா?

இல்லை, ஊர்க்காரர்கள். வேடந்தாங்கல் மக்கள் 250 ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்துவருவதாகக் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுவார்களாம். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1790களின் பிற்பகுதியில், அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக்கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம் என்ற பெயரெல்லாம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. 1936இல் முதல் அங்கீகாரம், அப்புறம் 1960களில் சரணாலயம், 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

லயனல் பிளேஸ் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்தபோது ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் இவர்தான். ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சன்னதி கட்டியதோடு சேர்த்து இவர் பெயர் பேசப்படுகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் வரி வசூலிக்க வந்த ஒரு கலெக்டருக்கு ஏரிக்கரை எவ்வளவு முக்கியம் என்பது அதில் தெரிகிறது. கரை உடைந்தால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லையேல் வரி இல்லை. பறவைக்குக் கவுல் கொடுத்ததிலும் கருணை மட்டும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு அப்படி என்ன லாபம்? எச்சம் உரமாகும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஒரு சின்ன ஏரியின் மரங்களில் கூடு கட்டியிருக்கும்போது, எச்சம் முழுவதும் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் தின்ற மீனும் நத்தையும் நண்டும் உரமாக மாறி இந்த ஒரு ஏரிக்கு வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு வழியாக வயலுக்குப் போகும் தண்ணீரே பாதி உரம். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியா அதிகம் போட வேண்டியதில்லை என்று விவசாயிகள் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். யூரியா மூட்டையே இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு லாபத்தைப் பலரும் சொல்வதில்லை. நத்தைக்குத்தி நாரை நெல் வயல் நத்தைகளையும், வரப்பில் வளை போடும் நண்டுகளையும் தின்கிறது. வரப்பில் நண்டு வளை இருந்தால் கட்டிய தண்ணீர் ஒரே இரவில் வடிந்துவிடும் என்பது நெல் போடுபவர்களுக்குத் தெரியும்.

எச்சத்தால் தொல்லையும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கூடு கட்டும் பருவத்தில் கூந்தங்குளம் மாதிரி ஊர்களில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் இருக்கும். நாற்றம் பலமாக அடிக்கும், முற்றத்தில் அரை உயிரோடு மீன் விழுந்து கிடக்கும். மரங்களுக்கும் அது நல்லதல்ல. எச்சம் படிந்து படிந்து இலை கருகி, சில ஆண்டுகளில் கூடு மரங்கள் பட்டுப்போகின்றன. அதனால்தான் சரணாலயங்களில் ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு நீர்க்கடம்பும் கருவேலமும் புதிதாக நட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிடத்தானே இங்கே வருகின்றன?

ஒவ்வொரு ஆண்டும் பத்திரிகைகளில் வரும் செய்தி இது. 'ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கூழைக்கடா' என்றுகூட எழுதிவிடுவார்கள். இங்கே கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகள்: கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், கொக்கு வகைகள், வக்கா. தண்ணீரையும் இரையையும் தேடி இந்தியாவுக்குள் சுற்றுபவை இவை.

வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வருபவை வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பலவகை உள்ளான்கள், இமயமலையைத் தாண்டிக் கூந்தங்குளம் வரை வரும் வரித்தலை வாத்து ஆகியவை இங்கே தின்று தேறிவிட்டுத் திரும்பிப் போய்த்தான் முட்டையிடும். திபெத், மங்கோலியப் பீடபூமிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துக்கு நம் ஊர் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் இடம் மட்டும்தான்.

இந்த வித்தியாசம் தெரிவது ஊருக்கு நல்லது. கூடு கட்டும் பறவைக்குத் தண்ணீரில் நிற்கும் மரமும் சத்தமில்லாத சில மாதங்களும் வேண்டும். வலசை வரும் வாத்துக்கும் உள்ளானுக்கும் மரம் தேவையே இல்லை, திறந்த ஆழமில்லாத தண்ணீரும் சேறும் போதும். வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் இதற்கு நல்ல உதாரணம். முதல் ஏரியில் கூடுகள் அதிகம், இரண்டாவதில் வாத்துகளையும் கரையோரப் பறவைகளையும் அதிகம் பார்க்கலாம்.

எந்த மாதத்தில் போனால் பார்க்கலாம்?

மழையைக் கேட்டுக்கொண்டு போங்கள். வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை. கூந்தங்குளத்தில் சீசன் இன்னும் பின்னால் போகும். அங்கே மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் கணக்கில் வரும். மழை தப்பினால் காலண்டர் எதற்கும் உதவாது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் மரத்தடிக்கு நரியும் பூனையும் வந்துவிடும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதுதான் கூட்டுக்குக் காவல். பாதிப் பருவத்தில் தண்ணீர் வற்றினால், சில சமயம் குஞ்சோடு கூட்டை விட்டுவிட்டுத் தாய்ப் பறவைகள் போய்விடுவதும் உண்டு.

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் நிஜமாகவே இருக்கின்றனவா?

இருக்கின்றன. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் கூந்தங்குளத்திலும் பல பத்தாண்டுகளாக வெடிப்பதில்லை. 1977இல் வேட்டங்குடி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடு அரசு போட்டதல்ல, ஊர் போட்டது. தீபாவளி வரும் ஐப்பசியில்தான் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். வெடிச் சத்தம் கேட்டால் வேறு கண்மாய்க்குப் போய்விடும்.

கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு முன் வனத்துறையினர் வீடு வீடாக இனிப்புக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது, தொலைக்காட்சியிலும் வரும். நல்ல மரியாதைதான். ஆனால் என் கருத்தைச் சொன்னால், ஊர் முழுக்க ஒரு பண்டிகைச் சந்தோஷத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஒரு பெட்டி இனிப்பு ஈடாகாது. அந்தக் கண்மாயின் வரத்துக் கால்வாயை ஆண்டுதோறும் சுத்தம் செய்து கொடுத்தால் அது சரியான தீபாவளிப் பரிசு.

சரணாலயமாக அறிவித்தால் ஊருக்கு என்ன நஷ்டம்?

இதை யாரும் மேடையில் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, மீன். கிராமத்து ஏரிகளில் மீன் பாசி குத்தகை ஊருக்கு ஒரு வருமானம். கோயில் திருவிழா, கால்வாய் மராமத்து போன்றவற்றுக்கு அந்தப் பணம் கைகொடுக்கும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பது தென்மாவட்டங்களில் ஒரு திருவிழா. சரணாலய எல்லைக்குள் இதெல்லாம் நின்றுவிடும், அல்லது துறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மரம். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏராளமான ஏரிகளின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உள்பரப்பில், கருவேல மரங்கள் நடப்பட்டன. மரம் முற்றியதும் ஏலம் விட்டு ஊராட்சிக்கும் பங்கு கொடுப்பது ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், விறகுக்காக நட்ட அந்த மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டத் தொடங்கின. கூடு இருந்தால் ஏலத்தை நிறுத்த வேண்டும். பறவைக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ஏலப் பணத்தை நம்பியிருந்த ஊராட்சிக்கு யார் ஈடு கொடுப்பது?

மூன்றாவது, மேய்ச்சல். தண்ணீர் வடிந்த உள்வாயில் ஆடு மாடு மேய்ப்பது காலங்காலமாக உள்ள பழக்கம். இதைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரைத்தான் பார்க்க வேண்டும். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? எருமைகள் தின்றுகொண்டிருந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தட்டிக் கேட்க ஆளில்லாமல் மண்டியது. திறந்த தண்ணீர் குறைந்தது. பறவைகளுக்கும் மீன்களுக்கும் அது கெடுதலாக முடிந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில் இது வெளிவந்தது. எருமைகளும் அந்த ஈரநிலத்தின் ஒரு பகுதி என்று தடைக்கு முன்னால் யாராவது மேய்ப்பவர்களிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதைச் சொல்வதால் எங்கும் கட்டுப்பாடே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கூடு மரங்களுக்குக் கீழே வலை வீசுவதையும், முட்டையிடும் நேரத்தில் உள்வாயில் டிராக்டர் ஓடுவதையும் எந்த ஊரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளும் ஊருக்கு இழப்பு எவ்வளவு, அதை எந்த வழியில் ஈடுகட்டுவது என்று அறிவிப்புக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

வேடந்தாங்கலில் 5 கிலோமீட்டர் பிரச்சினை என்றார்களே, அது என்ன?

1998 அறிவிக்கையில் ஏரியோடு அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரையுள்ள பகுதியும் சரணாலயமாகச் சேர்க்கப்பட்டது. காரணம் எளிது. ஏரி பறவைகளுக்குப் படுக்கையறை மாதிரி, சாப்பாடு வெளியேதான். 30 ஹெக்டேர் தண்ணீரால் அத்தனை வாய்க்கும் இரை போட முடியாது. சுற்றுவட்டார ஏரிகளும் நெல் வயல்களும் கெட்டால் நடு ஏரியைப் பளபளவென்று வைத்திருந்தும் பயனில்லை.

ஆனால் அந்த 5 கிலோமீட்டருக்குள் ஊர்கள், பட்டா நிலங்கள், தொழிற்சாலை எல்லாம் இருக்கின்றன. 2020இல் இதை 3 கிலோமீட்டராகச் சுருக்க முன்மொழிவு வந்தது. அதே சமயத்தில் அந்த வட்டத்துக்குள் இருந்த ஒரு மருந்து ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்ததும் வெளியே தெரியவந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. சுருக்குவதை எதிர்த்தவர்களில் உள்ளூர் விவசாயிகளும் உண்டு, வெறும் சென்னைப் பறவை ஆர்வலர்கள் மட்டும் அல்ல. ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்தால் முதலில் கெடுவது அவர்கள் கிணறு.

சின்ன விவசாயி வீடு கட்டவும் போர் போடவும் அலைய வேண்டியிருக்கிறது, பெரிய ஆலைக்கு மட்டும் வழி திறக்கப் பார்க்கிறார்கள் என்ற கோபம் பல சரணாலயங்களைச் சுற்றிக் கேட்பதுதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ராம்சார் பட்டியலில் சேர்ந்தால் பணம் வருமா?

நேரடியாக வராது. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அது, இந்தியா 1982இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலில் 2002இல் கோடியக்கரை சேர்ந்தது. 2022இல் ஒரே ஆண்டில் வேடந்தாங்கல், கூந்தங்குளம், பள்ளிக்கரணை உட்பட 13 இடங்கள். 2025 தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது 20 ஆனது. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்தையும் விட அதிகம்.

பட்டியலில் சேர்வதால் மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டிய கட்டாயம் வரும், திட்டத்துக்கு நிதி கேட்கவும் வசதியாக இருக்கும். அந்தத் திட்டத்தில் ஆயக்கட்டுக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் பேசியது இடம்பெற்றிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை வைப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. பள்ளிக்கரணையில் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சதுப்பைத் தின்ற பிறகுதான் பலகை வந்தது.

சுற்றுலா வந்தால் ஊர் முன்னேறிவிடாதா?

கொஞ்சம் வருமானம் வரும். எவ்வளவு, யாருக்கு என்பதுதான் கேள்வி. வேடந்தாங்கல் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காலையில் காரில் வந்து, கரைமேல் நடந்து, பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்து, மத்தியானம் நெடுஞ்சாலை ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஊருக்குள் விழுவது டீ, சுண்டல், இருநோக்கி (பைனாகுலர்) வாடகைக் காசு. அதுவும் சில மாதங்களுக்குத்தான், மழை பெய்தால்தான்.

ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடகரையில் இருக்கும் மங்களாஜோடியின் கதை வேறு. ஒரு காலத்தில் வாத்து வேட்டைக்குப் பேர்போன ஊர் அது. 2000ஆம் ஆண்டுவாக்கில், வேட்டையாடியவர்களே சேர்ந்து பறவைப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பறவை எங்கே இருக்கும், எப்போது எழும்பும் என்று வேட்டைக்காரனை விட நன்றாக யாருக்குத் தெரியும்? அதே ஆட்கள் இன்று நீளமான நாட்டுப் படகில் பயணிகளை உட்காரவைத்து, மோட்டார் இல்லாமல் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வாத்துகள் கை எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு பறப்பதே இல்லை. 2018இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருது இந்த முயற்சிக்குக் கிடைத்தது. பரத்பூரிலும் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களுக்குப் பறவை பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள், இன்று அங்கே அவர்கள்தான் வழிகாட்டிகள்.

இந்த இரண்டு இடங்களிலும் பயணி கொடுக்கும் பணம் நேராக உள்ளூர்க்காரர் கைக்குப் போகிறது, அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கான கூலியாக. நம் ஊர்களில் நுழைவுக் கட்டணம் வசூலாகிறது, ஆனால் வழிகாட்டி என்ற தொழில் சரியாக வளரவில்லை. கூந்தங்குளத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த ஒரு தம்பதியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மாதிரி அறிவு ஒரு குடும்பத்தின் தியாகமாக மட்டும் நின்றுவிடக் கூடாது, பத்துப் பேருக்குச் சம்பளம் தரும் வேலையாக மாற வேண்டும்.

படகை நம் சின்ன ஏரிகளில் விட வேண்டாம். சிலிகா கடல் மாதிரி விரிந்தது, வேடந்தாங்கல் அப்படியல்ல.

ஏரியைத் தூர்வாரினால் பறவைகள் போய்விடுமா?

எப்படித் தூர்வாருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடையில், கூடுகள் காலியான பிறகு, வரத்துக் கால்வாயையும் மதகுப் பக்கத்தையும் ஆழப்படுத்துவது விவசாயத்துக்கும் பறவைக்கும் நல்லது. பிரச்சினை பொக்லைன் வந்து ஏரி முழுவதையும் தட்டுப்போல ஒரே ஆழத்துக்கு வெட்டும்போதுதான். கொக்கும் நாரையும் உள்ளானும் கால் நனையும் ஆழத்தில் நின்று இரை தேடுபவை. ஓரங்கள் சரிவாக இல்லாமல் சுவர்போல் வெட்டப்பட்டால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. எடுத்த வண்டலில் ஒரு பங்கை வயலுக்கு விட்டு, ஒரு பங்கில் ஏரிக்குள் திட்டுகள் போட்டு மரம் நடலாம். ஒரே வேலையில் இரண்டும் முடியும். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர் கனமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பார்.

சீமைக்கருவேலத்தை வெட்டலாமா?

வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். ஆனால் சில கண்மாய்களில் நாட்டு மரமே இல்லாமல் போய், கொக்கும் நாரையும் சீமைக்கருவேலத்தில்தான் கூடு கட்டுகின்றன. அங்கே முதலில் நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு நட்டு, அவை கூடு தாங்கும் அளவு வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பறவைக் காய்ச்சல் வருமா? குழந்தைகள் இருக்கும் வீடு.

மரத்தில் பறவை இருப்பதாலேயே நோய் வராது. தலைமுறைகளாக நாரைகளுக்குக் கீழே குடியிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் பறவைகள் கூட்டமாகச் செத்து விழுந்தால் கையால் தொடாதீர்கள், கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். குடிநீர்த் தொட்டியை மூடி வையுங்கள், மரத்தடியில் எச்சம் அள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயிலும் இரண்டு வருடமாக நாரைகள் கூடு கட்டுகின்றன. சரணாலயமாக்கக் கேட்கலாமா?

அவசரப்படாதீர்கள். சரணாலயம் என்பது ஒரு வழி மட்டும்தான், அதுவும் எளிதில் திரும்பி வர முடியாத வழி. 2002 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினச் சட்டத்தில் சமூகக் காப்பகம் என்ற வகை இருக்கிறது. மக்களோ தனிநபரோ தாமாக முன்வந்து காக்கும் சமுதாய நிலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் அது பொருந்தும், மேலாண்மைக் குழுவில் ஊராட்சியின் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் கண்மாய் அரசு நிலமாக இருந்தால் அதே சட்டத்தின் பாதுகாப்புக் காப்பகம் என்ற வகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உள்ளூர் மக்களோடு கலந்து பேசிய பிறகுதான் அதை அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இவை தவிர, 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பல இடங்களில் காகிதத்தில் மட்டும் இருக்கும், தட்டி எழுப்புங்கள்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடியவை இருக்கின்றன, செலவும் அதிகமில்லை. எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது, எத்தனை கூடு, தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை நின்றது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு அதிகாரியிடம் பேச அந்த நோட்டுதான் ஆதாரம். மீன் குத்தகை விடும்போதே, கூடு மரங்களைச் சுற்றி வலை போடக்கூடாது, குஞ்சுகள் பறக்கும் வரை வெடியோ சத்தமோ கூடாது என்று குத்தகைச் சீட்டில் நிபந்தனையாகச் சேருங்கள். குத்தகைக்காரர் பறவை மீனைத் தின்கிறது என்று முறையிடத்தான் செய்வார். அந்த இழப்பைக் கழித்துக் கொஞ்சம் குறைவான தொகைக்கு விடுவதா என்று கிராம சபையில் முடிவு செய்யுங்கள், அவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கோடையில் கூடு மரத்தடித் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும் என்றால், கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போவது அவர்களுக்குத்தான்.